சுருதி இறங்கினால் ரப்பரைப் பார்!

இந்த வாரம் பழைய ரிக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டலாம். அடுத்த வாரம் மிக்ஸி.

கே: அப்பா வாங்கிய, பெல்ட்டில் ஓடும் பிளேயர். பரணிலிருந்து இறக்கிப் போட்டால் எல்லாப் பாடகர்களும் ஜலதோஷம் பிடித்ததுபோல் பாடுகிறார்கள். "மோட்டார் அவுட்டு" என்கிறார் மெக்கானிக். புது மோட்டார் போட்டுவிடட்டுமா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்

ப: மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொன்னாரா, திறக்காமலே சொன்னாரா? திறக்காமல் என்றால் அது ரிப்பேர் இல்லை, ஜோசியம்.

பிளேயருக்குள் முதலில் கிழடாவது ரப்பர்தான். மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட், அல்லது ஒரு ரப்பர் சக்கரம். வருஷக்கணக்கில் இழுபட்டபடியே கிடந்த பெல்ட் தொய்யும், பளபளப்பு ஏறும், வழுக்கும். அடுத்த குற்றவாளி காய்ந்துபோன எண்ணெய். மோட்டாரின் முறை அதற்கும் பிறகுதான். இந்த வரிசையை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் முதல் பிளேயருக்கு ஒரு கடையில் மோட்டாரையே மாற்றினார்கள். சுருதி இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு வேறொருவர் பெல்ட்டை மாற்றினார், சரியாகிவிட்டது. கழற்றிய மோட்டாரை முதல் கடைக்காரர் இன்றுவரை திருப்பித் தரவில்லை.

முதலில் அளந்து பாருங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, ரிக்கார்டைப் போட்டு, முள்ளையும் இறக்கிவிட்டு, சுற்றுகளை எண்ணுங்கள். 33⅓ என்றால் 100 சுற்றுக்குச் சரியாக 3 நிமிடம். 3 நிமிடம் 4 விநாடி ஆனால் 2 சதவீதம் மெதுவு. முள் மேலே இருக்கும்போது சரியாக ஓடி, இறக்கியதும் தளர்ந்தால் பெல்ட் வழுக்குகிறது. ஒரு முள்ளின் பாரத்தைக்கூடத் தாங்காத பெல்ட்டை வைத்துக்கொண்டு மோட்டாரைத் திட்டுவது நியாயமா?

கே: டொரொன்டோவில் 20 வருஷம் அருமையாக ஓடிய டர்ன்டேபிளை சென்னைக்குக் கொண்டுவந்தேன். 230-ஐ 120 வோல்ட் ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் போட்டேன். ஆனாலும் எல்லாம் இழுவையாகக் கேட்கிறது. பெல்ட் புதுசு!
— ஊர் திரும்பியவர், அடையாறு

ப: வோல்ட்டை மாற்றினீர்கள், ஹெர்ட்ஸ் அப்படியே நிற்கிறது. கனடாவில் மின்சாரம் விநாடிக்கு 60 அலை, இங்கே 50. உங்கள் பிளேயரில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டாராக இருக்கும். அது அலையை எண்ணி எண்ணிச் சுற்றுகிற மோட்டார். வோல்ட் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கண்டுகொள்ளாது. டிரான்ஸ்ஃபார்மரால் அலையை மாற்ற முடியாது.

கணக்குப் போடுவோம். 33⅓-ல் ஆறில் ஐந்து பங்கு, சுமார் 27.8. உங்கள் தட்டு நிமிடத்துக்கு அவ்வளவுதான் சுற்றுகிறது. 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடும். சுருதி மூன்று ஸ்வரஸ்தானத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். அதாவது 5½ கட்டையில் பாடிய அம்மையார் 4 கட்டைக்கும் கீழே நின்று பாடுவார். பக்கவாத்தியக்காரர்களும் கூடவே இறங்கிவிடுவதால் அபஸ்வரம் தெரியாது, சோகம் மட்டும் தெரியும்.

வழி இரண்டு. ஒன்று, மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியை மாற்றுவது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லியின் விட்டம் 60-க்கானதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்க வேண்டும். பல கம்பெனிகள் இரண்டு வகையும் செய்தன. ஜப்பானிலோ ஒரே நாட்டுக்குள் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60; வீடு மாற்றினாலே புல்லி மாற்ற வேண்டிய ஊர். இரண்டாவது வழி, மோட்டாருக்கு மட்டும் 60 ஹெர்ட்ஸை உண்டாக்கித் தரும் தனி பவர் சப்ளை. செலவு அதிகம், ஆனால் வேகத்தை நுணுக்கமாகத் திருத்தவும் அதில் வசதி உண்டு.

புல்லியின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிப் பெரிதாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். டேப்பின் நுனி ஒட்டிய இடத்தில் ஒரு மேடு இருக்கும். அந்த மேடு ஒவ்வொரு சுற்றிலும் பாட்டில் கேட்கும்.

கே: நான் வாங்கப்போவது டைரக்ட் டிரைவ். எனக்கும் இந்த 50, 60 தகராறு உண்டா?
— மாணவன், கோயம்புத்தூர்

ப: பெரும்பாலும் இல்லை. அதற்குள் மின்சாரம் முதலில் டி.சி. ஆகிவிடும், வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சர்க்யூட். வோல்ட் பொருந்தினால் போதும். 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எந்த நாட்டுக்குப் போனாலும் பிழைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கே: ஸ்ட்ரோப் தட்டு ஒன்றைப் பிரிண்ட் எடுத்துப் பிளேயரில் வைத்தேன். கோடுகள் நிற்கவுமில்லை, நகரவுமில்லை. ஒரே சாம்பல் நிறம். பிரிண்ட் சரியில்லையா?
— வாசகி, திருச்சி

ப: உங்கள் கூடத்து விளக்கு எல்.இ.டி.தானே? அதுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கோட்டுக்குத் தெரியும். 33⅓-க்கான வளையத்தில் 180 கோடு. வேகம் சரியென்றால், விளக்கின் ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஒரு கோடு இன்னொரு கோட்டின் இடத்துக்கு வந்து நிற்கும். அதனால் அசையாததுபோல் தோன்றும். நல்ல எல்.இ.டி. மினுக்காமல் நின்று எரிகிறது. அதன் நல்ல குணமே இங்கே இடைஞ்சல்.

சோக் வைத்த பழைய டியூப் லைட் எந்த அறையிலாவது இருக்கிறதா? பிளேயரை அங்கே தூக்கிப் போங்கள். ஸ்டெபிலைசரில் சிவப்பாக எரியும் குட்டி நியான் விளக்கும், இருட்டில் அருகே பிடித்தால், வேலை செய்யும். கோடுகள் சுற்றும் திசையிலேயே ஊர்ந்தால் வேகம் கூடுதல். பின்னோக்கி ஊர்ந்தால் குறைவு. விநாடிக்கு ஒரு கோடு ஊர்ந்தால் பிழை 1 சதவீதம். ஒரு ஸ்வரஸ்தானம் என்பது சுமார் 6 சதவீதம், ஆகவே 1 சதவீதத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கூடவே உட்கார்ந்து வயலின் வாசிப்பவர் என்றால் மட்டும் கெடுத்துக்கொள்ளலாம்.

பிரிண்ட் எடுத்த தட்டு 60 ஹெர்ட்ஸுக்கானது இல்லையே? அதில் 216 கோடு இருக்கும். ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பொழுதும் போகும்.

கே: கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் பாட்டு சற்று வேகமாக ஓடுவதாக என் காதுக்குப் படுகிறது. ஸ்ட்ரோப் கோடோ சிலைபோல் நிற்கிறது. காதா, கோடா?
— பாட்டு வாத்தியார், தஞ்சாவூர்

ப: காது! இந்த வாரத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது. இன்வெர்ட்டர் 50-க்குப் பதில் 52 ஹெர்ட்ஸ் கொடுத்தால் மோட்டார் 4 சதவீதம் வேகமாகும். ஆனால் ஸ்ட்ரோப் விளக்கும் அதே இன்வெர்ட்டரில்தானே எரிகிறது? அதுவும் 4 சதவீதம் வேகமாக மினுங்கும். திருடனும் சாட்சியும் ஒரே வீட்டுக்காரர்கள், கோடு அசையுமா? மின்வாரியக் கரண்ட் வரும்போது இந்தச் சந்தேகம் தேவையில்லை. நம் நாட்டு மின்தொகுப்பை 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஊரே சேர்ந்து உங்களுக்குச் சுருதிப்பெட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் கைக்கடிகாரமும் துண்டுக் காகிதமும்தான் நம்பகமான சாட்சி. செல்போனைத் தட்டின் மேல் படுக்கவைத்துச் சுற்றை அளக்கும் ஆப்களும் உண்டு. அவற்றுக்கும் மின்வாரியத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கே: தட்டின் அச்சுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
— குடும்பத் தலைவி, நாகர்கோவில்

ப: தலைக்கு விடுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழிக் கச்சேரியை விடியற்காலையில் கேட்க நினைத்தால் தட்டு எழுந்திருக்காது. நாளாக ஆகப் பிசினாகவும் மாறும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். டர்பைன் எண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது.

கே: என் பிளேயர் கும்பகர்ணன் ஜாதி. போட்டவுடன் முக்கி முனகுகிறது. அரை மணி நேரம் ஓடவிட்டால் சரியாகிவிடுகிறது. அரை மணிக்கு முன்பே போட்டு வைத்துக்கொண்டால் போதாதா?
— வங்கி ஊழியர், சேலம்

ப: எத்தனை நாளைக்கு? தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் இத்தனை வருஷத்தில் மெழுகாகியிருக்கிறது. மோட்டார் சூடேறினால் மெழுகு இளகுகிறது, உடனே வேகம் வருகிறது. ஒருநாள் இளகாது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தட்டைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நெடுநேரம் மெல்லச் சுற்றித் தானாக நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் நடு அச்சில் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டைத் தூக்கி, அச்சையும் அது உட்காரும் குழியையும் துடையுங்கள். செல்போன் ரிப்பேர் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தருவார்கள், அதில் துணியை நனைத்துத் துடைக்கலாம். பிறகு புது எண்ணெய்.

ஓர் எச்சரிக்கை. பல பிளேயர்களில் அந்தக் குழியின் அடியில் மிளகளவு இரும்புக் குண்டு ஒன்று இருக்கும். பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு அச்சோடு மேலே வந்து, நீங்கள் பார்க்காத நேரத்தில் உருண்டுவிடும். என்னுடையது கூடத்தில் விழுந்து, சமையலறையைக் கடந்து, முற்றத்துச் சாக்கடைக்குப் போனது. கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மோட்டார் தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும் ரகம். அதற்கு எண்ணெய்தான், கிரீஸ் கூடாது. பெல்ட் தொடும் இடத்தில் எண்ணெய் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

கே: பெல்ட் கிடைக்கவில்லை. சைக்கிள் டியூபை வட்டமாக நறுக்கிப் போட்டேன். ஓடுகிறது. ஆனால் தோணியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதுபோல் இருக்கிறது.
— கைவேலைக்காரர், மதுரை

ப: உங்கள் கத்திரிக்கோல் எங்கெங்கே நடுங்கியதோ அங்கெல்லாம் அலை. பெல்ட் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். கனம் மாறினால் வேகம் மாறும். மோட்டார் புல்லியின் விட்டம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் 0.2 மி.மீ. கூடுதல் கனமாக இருந்தாலே வேகம் ஏறக்குறைய 2 சதவீதம் ஏறிவிடும். புது பெல்ட் போட்டதும் வேகம் கூடிவிட்டது என்று எழுதிய ஈரோடு அன்பருக்கும் இதுவே பதில்.

பெல்ட் ஓடும் வழியிலேயே ஒரு நூலைச் சுற்றி நீளத்தை அளங்கள். அதைவிடச் சுமார் 5 சதவீதம் குறைவான உள்சுற்றளவு கொண்டது வாங்குங்கள். இழுத்துப் பிடித்தால் நல்லதுதானே என்று ரொம்பச் சின்னதாக வாங்கினால் மோட்டார் புஷ் ஒருபக்கமாகத் தேயும். பழைய பெல்ட் தார்போல் உருகி ஒட்டியிருந்தால் அதே ஐ.பி.ஏ. அதன் கறை சட்டையில் பட்டால் போகாது. அனுபவம்.

கே: பெல்ட்டே இல்லாத, உள்ளே ரப்பர் சக்கரம் வைத்த பிளேயர். "டொக்... டொக்..." என்று ஒரு தட்டல், கூடவே சுருதியும் துள்ளுகிறது. வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சில் ஒழுங்காக அணைத்துவிடுகிறேன்.
— வாசகர், காரைக்குடி

ப: அங்கேதான் தப்பு. சுவர் சுவிட்சை மட்டும் அணைத்தால், பிளேயரின் குமிழ் இன்னும் "ஆன்"-ல் இருக்கிறது. ரப்பர் சக்கரம் மோட்டார் தண்டுக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே நசுங்கியபடியே ராத்திரி முழுக்கக் கிடக்கும். நசுங்கிய இடம் பள்ளமாகும். காரட் 301, லென்கோ எல் 75 முதல் நம் வீட்டு சூட்கேஸ் பிளேயர்கள் வரை இந்த வம்சத்துக்கு உள்ள சாபம் இது. இனிமேல் குமிழை "ஆஃப்" செய்யுங்கள். சக்கரம் தானாக விலகிக்கொள்ளும்.

பள்ளம் சிறியதென்றால் சில மணி நேரம் ஓடவிட்டாலே மேலெழும்பும். ரப்பர் கெட்டியாகி வழுக்கினால், சக்கரம் சுற்றும்போது மெல்லிய உப்புத்தாளை லேசாகத் தொடவையுங்கள். தொடவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மரவேலை வேண்டாம். பள்ளம் ஆழமென்றால் புதிதாக ரப்பர் கட்டித்தான் ஆக வேண்டும்.

கே: மிருதங்கத் தனியில் குறையே தெரியவில்லை. ஆலாபனையில் தம்புரா மட்டும் ஊஞ்சலாடுகிறது. பிளேயரா, ரிக்கார்டா?
— ரசிகை, மயிலாப்பூர்

ப: தட்டும் ஓசைக்கு ஆயுள் குறைவு, அது ஆடுவதற்குள் முடிந்துவிடும். நீண்டு நிற்கும் ஓசைதான் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். தம்புராவைவிட நல்ல இன்ஸ்பெக்டர் கிடையாது.

கடிகாரத்தை எடுத்து ஊஞ்சலின் ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். எல்.பி. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஊஞ்சலும் அதே 1.8 என்றால் தப்பு ரிக்கார்டில், அல்லது தட்டில். அதைவிட வேகமாக, படபடப்பாக ஆடினால் மோட்டார், புல்லி, ரப்பர் சக்கரம் பக்கம் திரும்புங்கள். அவை தட்டைவிட வேகமாகச் சுற்றுகிறவை.

1.8-தான் என்றால் முள் தாங்கும் கையைக் குனிந்து கவனியுங்கள். சுற்றுக்கு ஒரு முறை இடமும் வலமுமாக அசைகிறதா? ரிக்கார்டின் நடுத்துளை நடுவில் இல்லை. துளை 1 மி.மீ. தள்ளியிருந்தால், நடுவிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் சுருதி 1 சதவீதம் ஏறி 1 சதவீதம் இறங்கும்; லேபிளை நெருங்க நெருங்க இன்னும் மோசமாகும். பிளேயர் நிரபராதி. வேறு ரிக்கார்டு போட்டு, அதிலும் அதே ஊஞ்சல் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கே: 33 சரியாக ஓடுகிறது, 45 மட்டும் தப்பு. — தூத்துக்குடி

ப: மோட்டார், எண்ணெய் எல்லாவற்றுக்கும் விடுதலை. பெல்ட்டையோ சக்கரத்தையோ புல்லியின் அடுத்த படிக்குத் தள்ளும் லீவர் பாதியில் நிற்கிறது. எலெக்ட்ரானிக் வகை என்றால் 45-க்கென்று தனித் திருகு இருக்கும்.

கே: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் குமிழைத் தொட்டாலே டர்ன்டேபிளுக்கு வலிப்பு வந்ததுபோல் வேகம் குதிக்கிறது. ஐ.சி. மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
— திருமண மண்டப ஒலிபெருக்கிக்காரர், விருதுநகர்

ப: ஐ.சி.க்கு முன்னால் அழுக்கு. குமிழுக்கு அடியில் இருப்பது ரேடியோ வால்யூம் குமிழின் தங்கைதான். பழைய ரேடியோ கரகரக்குமே, அதே நோய். காண்டாக்ட் கிளீனரை லேசாக அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முப்பது முறை திருப்புங்கள். உள்ளே ஸ்க்ரூடிரைவரால் திருகும் குட்டித் திருகுகளுக்கும் இதே வைத்தியம். ஆனால் அவற்றைத் திருகுமுன் இருக்கும் நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காமல் திருகியவர்கள் எழுதும் கடிதங்கள் எனக்கு வாராவாரம் வருகின்றன. தட்டு அடங்காமல் பறந்துகொண்டே போனால், அப்போது ஐ.சி.யைப் பற்றிப் பேசலாம்.

கே: என் பிளேயரில் 33, 45, 78 தவிர 16 என்றும் ஒரு வேகம். எதற்கு? — பொள்ளாச்சி

ப: பேச்சுக்கு. 16⅔ சுற்றில் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள் வந்தன. 1956-ல் கிரைஸ்லர் கம்பெனி காருக்குள்ளேயே இந்த வேகத்தில் ஓடும் பிளேயரை வைத்துப் பார்த்தது. மேடு பள்ளத்தில் முள் என்ன பாடுபட்டிருக்கும்! உங்களுக்கு அதனால் ஒரு லாபம் உண்டு: கஷ்டமான சங்கதியை 33-க்குப் பதில் 16-ல் போட்டால் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கி, பாதி வேகத்தில் கேட்கும். பாடம் பண்ணலாம்.

கே: தாத்தாவின் சாவி கொடுக்கும் கிராமபோன். தொடக்கத்தில் கம்பீரம், பாதியில் தூக்கம். நடுவில் "தும்" என்று ஒரு சத்தமும்.
— யாழ்ப்பாணத்திலிருந்து

ப: அந்தத் "தும்", ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்து திடீரென விடுபடும் சத்தம். கிராஃபைட் கிரீஸ் காய்ந்துவிட்டது. ஸ்பிரிங் டப்பாவை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். சுருண்டு கிடக்கும் அந்த எஃகுப் பட்டை வெளியே பாய்ந்தால் விரல் போகும். பழகியவரிடம் கொடுங்கள்.

நீங்களே செய்யக்கூடியது கவர்னர் வேலை. மூன்று குண்டுகள் சுழன்று விரிய, ஒரு வட்டத் தகடு நகர்ந்து சின்னத் தோல் அல்லது கம்பளித் துண்டில் உரசும் இடம் அது. வேகத்தைக் கட்டுவது அந்த உரசல்தான். துண்டு காய்ந்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்பு சாவி கொடுத்துவிட்டு, அரை நிமிடத்துக்கு 39 சுற்று வருகிறதா என்று எண்ணுங்கள்.

கே: மிகப் பழைய 78 தட்டு ஒன்றில் ஒரு வித்வான் 4½ கட்டையில் பாடுகிறார். "அவர் 4 கட்டைதான், நான் நேரில் கேட்டிருக்கிறேன்" என்று என் பாட்டி அந்தக் காலத்தில் அடித்துச் சொல்வார். பிளேயரை அளந்துவிட்டேன், சரியாக 78. பாட்டி தப்பா?
— ஆராய்ச்சி மாணவி, சென்னை

ப: பாட்டியை விட்டுக்கொடுக்காதீர்கள். 1902 நவம்பரில் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவுசெய்த காலத்தில் 78 என்பது சட்டமாகவில்லை. புனல் வைத்துப் பதிந்த நாள்களில் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து 80-க்கு மேல் வரை பல வேகங்கள் புழங்கின. 1925-க்குப் பிறகு மின் பதிவு வந்து, மோட்டார்கள் சீரான பின்புதான் 78 நிலைத்தது. அதுவும் 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 78.26, 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 77.92.

உங்கள் தட்டு 74 சுற்றில் பதிவாகியிருந்தால், இன்று 78-ல் ஓட்டும்போது ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம் ஏறும். 4 கட்டை 4½ ஆகிவிடும். வேகத்தை மாற்ற முடிகிற பிளேயரில் 74-ல் வைத்துக் கேளுங்கள். குரலின் கனம், வயலினின் நாதம் எங்கே இயல்பாகிறது என்று காது சொல்லும். யந்திரம் இதில் உதவாது.

கே: பெல்ட் மாற்றினேன், எண்ணெய் விட்டேன், துடைத்தேன், நூறு சுற்று எண்ணினேன். 3 நிமிடம் 9 விநாடி. இப்போதாவது மோட்டாரைச் சந்தேகப்படலாமா?
— மறுபடியும் அதே தபால்காரர், கும்பகோணம்

ப: இப்போது தாராளமாக. பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓடவிட்டுக் காதைக் கொடுங்கள். உறுமுகிறதா? எந்தத் திசையில் சுற்றுவது என்று தயங்குகிறதா? அப்படியென்றால் கண்டென்சர். வீட்டு சீலிங் ஃபேன் மந்தமானால் என்ன மாற்றுவோமோ அதே சாமான். ஆனால் அளவு வேறு, ஃபேன் கண்டென்சரைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். பழையதின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் வோல்ட்டையும் பார்த்து அதே மாதிரி வாங்குங்கள். கண்டென்சர் நன்றாயிருந்தும் தண்டு பக்கவாட்டில் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறேன், திறக்காமலே சொல்லியிருந்தாலும்.

கழற்றிய மோட்டாரை மட்டும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் எனக்கு அனுப்புங்கள். தபால் செலவு உங்களுடையது. உங்களுக்கு அந்த ஆபீஸில் ஆள் பழக்கம் இருக்குமே.